பொதுப் போல்டரில் இருந்த பழைய பிரதி

போயாவும் தைப்பொங்கலும் அடுத்தடுத்து வந்து முடிந்த வாரம். 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை பின்னேரம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எங்கள் புதிய ஆய்வு உதவியாளர் தங்கச்சி மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தார்.

"அண்ணா, நான் புதுப் பதிப்பைப் போட்டிட்டன். போட்டாச்சு எண்டுதான் ஸ்டாட்டாவும் சொல்லுது. ஆனா ஓடேக்க அந்த ஒப்ஷனை ஏலாது எண்டு 198 காட்டுது."

ஸ்டாட்டா நாங்கள் பாவிக்கும் புள்ளிவிபர மென்பொருள். அதில் 198 என்றால் கட்டளை எழுதிய விதம் பிழை என்று அர்த்தம். அவர் எழுதியதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அவர் ஓடவிட்டது ரெக்எச்டிஎஃப்இ. மாவட்டம், ஆண்டு போன்றவற்றுக்கே உரிய மாறாத வித்தியாசங்களை, அதாவது பல நிலைவிளைவுகளை, ஒரே நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு பின்னடைவு (ரிக்ரெஷன்) ஓட்டும், பயனர்கள் எழுதிய துணைக் கட்டளை அது. பொஸ்டன் கல்லூரி பேணும் எஸ்எஸ்சி காப்பகத்திலிருந்து அதை அன்று காலையில்தான் இறக்கியிருந்தார். இறக்கியதும் உண்மை, வேலை செய்யாததும் உண்மை.

‘விச்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் எந்தக் கோப்பு ஓடப்போகிறது என்று முழுப் பாதையோடு காட்டும். பின்னால் கமா போட்டு ‘ஓல்’ என்று சேர்த்தால், அதே பெயரில் வேறு எங்கெல்லாம் பிரதிகள் இருக்கின்றன என்பதும் வரும். தங்கச்சியின் திரையில் அதை அடித்தோம். இரண்டு வரிகள் வந்தன. கீழே அவருடைய சொந்தப் போல்டரில் 6.12.3, 2023 ஓகஸ்ட். அதற்கு மேலே, சேர்வரின் பொதுப் போல்டரில் 5.7.3, 2019 நவம்பர். ஓடியது மேலே இருந்தது.

"அப்ப நான் போட்டதை அது பார்க்கவே இல்லையா?"

பார்க்கவில்லைதான். ஸ்டாட்டா ஒரு கட்டளையைத் தேடும் வரிசை இப்படி: முதலில் தன்னோடு வந்த பேஸ், அடுத்தது சைட் என்ற பொதுப் போல்டர், பிறகு நாம் நிற்கும் போல்டர், அதற்குப் பிறகுதான் பயனரின் பேர்சனல், பிளஸ். எஸ்எஸ்சியிலிருந்து இறக்குவது வழக்கமாகப் பிளஸுக்குள் போய் விழும். சைட்டில் அதே பெயரில் ஒன்று இருந்துவிட்டால், பிளஸில் எத்தனை புதிய பதிப்பு போட்டாலும் ஓடாது. எந்த எச்சரிக்கையும் வராது. ஹெல்ப் பக்கமும் சைட்டிலிருந்தே திறப்பதால் அதுவும் பழைய விளக்கத்தையே காட்டும். ஒரு நாள் முழுக்க அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. அந்தப் பழைய பிரதி அங்கே கிடந்ததற்குப் பொறுப்பு சேர்வரைப் பார்க்கும் நான்.

எங்கள் இடத்தைப் பற்றி இரண்டு வரி. பம்பலப்பிட்டியில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய ஆய்வு நிறுவனம். வீட்டு ஆய்வுத் தரவுகள், சுகாதாரத் தரவுகள், தொழிற்படைத் தரவுகள் என்று 25 மாவட்டங்களுக்கும் கணக்குப் பார்ப்பது வேலை. 14 பேர் ஒரே லினக்ஸ் சேர்வருக்குள் லொகின் செய்கிறோம். பாதிப் பேர் ஸ்டாட்டா, பாதிப் பேர் ஆர் என்ற இன்னொரு புள்ளிவிபர மென்பொருள், நாலைந்து பேர் இரண்டும். சேர்வர் பின்பக்க அறையில் இருக்கிறது. உப்புக்காற்று உள்ளே போகாதபடி ஜன்னல் இடுக்கை அடைத்து வைத்திருக்கிறோம்.

எனக்கு முன்னால் அதைப் பார்த்தவர் நல்ல எண்ணத்தோடுதான் பொதுப் போல்டரை எல்லோருக்கும் எழுதும் அனுமதியோடு திறந்துவிட்டிருந்தார். தேவையானதை யாரும் போட்டுக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம் என்ற நினைப்பு. நடந்தது என்னவென்றால், ஒருவர் ஒரு பக்கேஜை, அதாவது ரெக்எச்டிஎஃப்இ போன்ற ஒரு துணைத் தொகுப்பை, புதுப்பித்தால் மற்ற 13 பேருக்கும் அது மாறியது. போட்டவர் வேலையை விட்டுப் போன பிறகும் கோப்புகள் அவர் பெயரிலேயே நின்றன. அவற்றை மாற்ற மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. 5.7.3 அப்படித்தான் ஐந்து வருடமாக உறைந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சைட்டைத் துப்புரவாக்கத் தொடங்கினேன். முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டாட்டா, தான் இறக்கியவற்றின் கணக்கை அந்தந்தப் போல்டரில் ஸ்டாட்டா.டிஆர்கே என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. எங்கே இருந்து, எந்தத் தேதியில், எந்தெந்தக் கோப்புகள் வந்தன என்று அதில் இருக்கும். எங்கள் சைட்டில் அந்தக் கோப்பில் பதிந்திருந்தவை கொஞ்சம். போல்டரில் கிடந்தவை அதைவிட நிறைய. யாரோ தன் கணினியிலிருந்து அடோ கோப்புகளை, அதாவது துணைக் கட்டளைகள் எழுதிய கோப்புகளை, கையால் கொப்பி பண்ணிப் போட்டிருக்கிறார்கள். கையால் போட்டவற்றை ஸ்டாட்டாவின் புதுப்பிக்கும் கட்டளை கண்டுகொள்ளாது, நீக்கும் கட்டளையும் கண்டுகொள்ளாது. தயவுசெய்து அடோ கோப்புகளைக் கையால் கொப்பி பண்ணாதீர்கள். கட்டளை மூலம் போட்டால்தான் அதற்கு ஒரு வரலாறு இருக்கும்.

அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். ரெக்எச்டிஎஃப்இயை மட்டும் சைட்டிலிருந்து எடுத்துவிட்டு, "இப்ப ஓட்டிப் பாருங்கோ" என்று தங்கச்சியிடம் சொன்னேன். இம்முறை வேறு பிழை. ரெக்எச்டிஎஃப்இ தனியாக நிற்பதில்லை, எஃப்டூல்ஸ் என்ற இன்னொன்றின் மேல் நிற்கிறது. அந்த எஃப்டூல்ஸின் பழைய பிரதி இன்னும் சைட்டில் இருந்து, புதியதை மறித்துக்கொண்டிருந்தது. ஒன்றை நகர்த்தினால் அது சார்ந்திருப்பதையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். இரண்டையும் எடுத்த பிறகுதான் அவருடைய அட்டவணை வந்தது.

பிறகு சைட் போல்டரின் உரிமையை ரூட்டுக்கு (சேர்வரின் நிர்வாகக் கணக்குக்கு) மாற்றி, மற்றவர்களுக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தேன். நான் ரூட்டாக ஸ்டாட்டாவைத் திறந்து, ‘நெட் செட் அடோ சைட்’ என்று சொல்லிவிட்டால் அதன்பின் இறக்குவதெல்லாம் பிளஸுக்குப் போகாமல் சைட்டுக்குப் போகும். அப்படிப் புதிதாகப் போட்டது மிகச் சிலதான்: எஸ்ட்அவுட், எஃப்டூல்ஸ், ரெக்எச்டிஎஃப்இ, இன்னும் இரண்டு மூன்று. சைட் எல்லோரையும் முந்துவதால் அதை மெலிவாக வைத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதில் இருக்கும் ஒவ்வொன்றும் 14 பேருடைய தெரிவையும் பறிக்கிறது. நாலு பேருக்கு மேல் கேட்டால் சைட், இல்லாவிட்டால் அவரவர் பிளஸ். கேட்பதை எழுத என் மேசையில் ஒரு கொப்பி வைத்தேன்: என்ன பக்கேஜ், எதற்கு, யார், எப்போது.

ஸ்டாட்டா நிறுவிய போல்டரில் சிஸ்புரொஃபைல் என்ற டூ கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றை வைத்தால், யார் திறந்தாலும் அது முதலில் ஓடும். அதில் ஒரு வரி மட்டும் எழுதினேன்: பொதுப் பக்கேஜ்கள் கடைசியாக மாறிய தேதி. திறந்தவுடன் கண்ணில் படும். இதைவிட அதிகமாக அதில் எழுதக்கூடாது. சேர்வரைப் பார்ப்பவர் மறைவாக ஒரு அமைப்பை மாற்றி வைத்தால், இங்கே ஒருவர் எழுதிய டூ கோப்பு வேறு கணினியில் வேறு விதமாக ஓடும்.

இனி ஆர். ஸ்டாட்டாவில் பட்ட பாட்டை வைத்து இங்கேயும் அதே மாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டு போனால் தலைகீழாக விழுவோம். ஆரில் பக்கேஜ்கள் இருக்கும் போல்டரை நூலகம் என்பார்கள். சொந்த நூலகம் முதலில், பொது நூலகம் பிறகு. ‘லிப்பாத்ஸ்’ என்ற கட்டளையை வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிட்டால் தேடும் வரிசை அப்படியே வரும். ஸ்டாட்டாவில் பொதுப் பிரதி சொந்தப் பிரதியை மறைக்கிறது. ஆரில் சொந்தப் பிரதி பொதுப் பிரதியை மறைக்கிறது. இரண்டையும் பாவிக்கும் எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னபோது, இவ்வளவு நாளும் நடந்த பல குழப்பங்கள் ஒரேயடியாக விளங்கின.

எங்கள் சேர்வர் உபுண்டு 22.04. அதோடு வந்த ஆர் 4.1.2. புதிய பக்கேஜ்கள் பல அதை ஏற்காத நிலை வந்துவிட்டதால் 4.4.2க்கு ஏற்றத் தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் சேர்வரில் யாரும் இருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி காலையில் வந்து உட்கார்ந்தேன். அந்தத் திகதியைச் சொன்னாலே இலங்கையில் இருப்பவர்களுக்கு நினைவு வரும்: முன்பகலில் நாடு முழுக்க மின்சாரம் போன நாள்.

ஆர் ஏறிவிட்டது. பக்கேஜ்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. லினக்ஸில் சாதாரணமாக ஆர் பக்கேஜ்களை மூலநிரலாக இறக்கி, நம் சேர்வரிலேயே ஓடக்கூடிய வடிவுக்குக் கட்டும். வரைபட வேலைக்கான எஸ்எஃப் போன்றவற்றுக்கு ஜிடால், ஜியோஸ், புரோஜ் என்ற துணை மென்பொருள்கள் எல்லாம் வேண்டும், நேரமும் பிடிக்கும். எஸ்எஃப் பாதியில் நிற்கும்போது விளக்கு அணைந்தது. யூபிஎஸ் கூவத் தொடங்கியது. அந்த நேரம் நான் நிறுவலை நிறுத்தி, சேர்வரை முறையாக அணைத்திருக்க வேண்டும். கொஞ்சத்தில் வந்துவிடும் என்று இருந்தேன். யூபிஎஸ் தீர்ந்து சேர்வரும் நின்றது.

மின்சாரம் வந்த பிறகு மறுபடி நிறுவப் போனால், போல்டரைப் பூட்ட முடியவில்லை என்று பிழை. ஆர் ஒரு பக்கேஜைப் போடும்போது ‘00லொக்’ என்று தொடங்கும் ஒரு போல்டரை நூலகத்துக்குள் உருவாக்கும். ஏற்கனவே பழைய பிரதி இருந்தால் அதை அதற்குள் ஒதுக்கி வைக்கும். நிறுவல் தோற்றால் திரும்பத் தன் இடத்தில் வைக்கும். கரண்ட் போனால் திரும்ப வைப்பதற்கு ஆள் இல்லை, பூட்டு மட்டும் நிற்கும். பிழைச் செய்தியே அந்தப் போல்டரை நீக்கிப் பாருங்கள் என்று சொல்லும். நீக்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: வேறு யாராவது அந்த நேரம் உண்மையிலேயே நிறுவிக்கொண்டிருக்கிறார்களா, உள்ளே ஒதுக்கி வைத்த நல்ல பிரதி இருக்கிறதா. என்னுடையது புதிய நூலகம், உள்ளே எதுவும் இல்லை. நீக்கிவிட்டுத் தொடர்ந்தேன்.

மின்சாரம் மறுபடியும் போகக்கூடும் என்பதால் மணிக்கணக்காகக் கட்டிக்கொண்டிருக்க வழியில்லை. பொசிட் நிறுவனத்தின் பொதுப் பக்கேஜ் களஞ்சியம் உபுண்டுவுக்கு ஏற்கனவே கட்டிய பிரதிகளைத் தருகிறது. களஞ்சியத்தின் முகவரியை மட்டும் மாற்றினேன். அப்போதும் மூலநிரல்தான் வந்தது. காரணம், ஆர் தன்னை எந்த இயங்குதளத்தில் எந்தப் பதிப்பு என்று அந்தக் களஞ்சியத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ‘எச்டிடிபி யூசர் ஏஜன்ட்’ என்ற ஒப்ஷனைப் பொது ஆர்புரொஃபைலில் (ஆர் திறக்கும்போது முதலில் ஓடும் கோப்பில்) எழுதிய பிறகுதான் கட்டியவை வந்தன. காலையில் என்னைக் காக்கவைத்தவை நிமிடங்களில் முடிந்தன. இன்னொரு நன்மையும் உண்டு: முகவரியில் ஒரு திகதியைப் போட்டால், அந்தத் திகதியில் களஞ்சியம் இருந்த நிலையையே தரும். எங்கள் பொது நூலகம் முழுக்க ஒரே திகதியிலிருந்து எடுத்தது. அதனால் அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

திங்கட்கிழமை காலை தொலைபேசி. "அண்ணா, என்ரை பக்கேஜ் எல்லாம் காணேல்லை." காணாமல் போகவில்லை. சொந்த நூலகத்தின் பாதையிலேயே 4.1, 4.4 என்று பதிப்பு இலக்கம் இருக்கும். ஆர் 4.4 வந்ததும் அது 4.4 என்ற புதிய, வெறும் போல்டரைப் பார்க்கிறது. இது நல்லதுதான். பழைய ஆருக்குக் கட்டியவை புதிய ஆருக்குள் வந்து குழப்பாது. பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது பொது நூலகத்திலேயே இருந்ததால் அரை மணியில் அடங்கியது.

ஒருவருக்கு மட்டும் அடங்கவில்லை. டிப்லையர் என்ற பக்கேஜைக் கூப்பிட்டால், அது சார்ந்திருக்கும் ஆர்லாங் 1.0.6 ஏற்றப்படுகிறது, ஆனால் 1.1.0 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று நின்றது. பொது நூலகத்தில் புதிய ஆர்லாங் இருக்கிறது, நானே போட்டது. லிப்பாத்ஸைப் பார்த்தபோது பதிப்பு இலக்கம் இல்லாத ஒரு போல்டர் முதலில் நின்றது. பல வருடத்துக்கு முன் அவர் தன் ஆர்என்வைரன் கோப்பில் (ஆர் தொடங்கும்போது வாசிக்கும் சூழல் அமைவுக் கோப்பில்) சொந்த நூலகத்துக்கு நிரந்தரமாக ஒரு பாதை எழுதி வைத்து, மறந்தும் போயிருந்தார். அந்த வரியை நீக்கியதும் சரி.

இவ்வளவும் பிழை காட்டி நின்ற பிரச்சினைகள். பிழை காட்டாமல் ஓடி முடிந்த ஒன்றுதான் என்னை இரவில் தூங்கவிடவில்லை.

மார்ச்சில், ஒரே ஸ்கிரிப்டை, ஒரே தரவின் மேல், ஒரே சேர்வரில் இரண்டு பேர் ஓட்டினார்கள். இடை இரண்டு பேருக்கும் ஒன்று. தோட்டத்துறை வரிசையில் நியம வழு, அதாவது அந்த இடை எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு, வேறு. பக்கேஜ் பதிப்புகள் ஒன்றுதான், பார்த்தாயிற்று. ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தும் வித்தியாசமில்லை. அக்கா ஒருவரும் நானும் பிளேன்டீ ஆறிப்போகும்வரை வரி வரியாகப் பார்த்தோம்.

விஷயம், மாதிரி ஆய்வுத் தரவுகளைக் கணிக்கும் சேர்வே என்ற ஆர் பக்கேஜில் இருந்தது. எங்கள் ஆய்வுக்கு எடுத்த மாதிரி, மாவட்டமும் துறையும் சேர்ந்த படைகளாக (பிரிவுகளாக) வகுத்தது. சில படைகளில், பதில் கிடைக்காததால், ஒரே ஒரு முதல்நிலை அலகு (முதல் கட்டத்தில் தெரிவு செய்த பகுதி) மட்டும் மிஞ்சும். ஒன்றை மட்டும் வைத்து மாறற்றிறனை, அதாவது அலகுக்கு அலகு உள்ள வித்தியாசத்தின் அளவை, கணிக்க முடியாது. அப்போது என்ன செய்வது என்று ஒரு ஒப்ஷன் சொல்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் பிழை காட்டி நிற்கும், அதுதான் அதன் இயல்பு நிலை. ‘ரிமூவ்’ என்றால் அந்தப் படை மாறற்றிறனுக்கு எதையும் சேர்க்காது. ‘அட்ஜஸ்ட்’ என்றால் மொத்த இடையிலிருந்து விலகலை எடுத்து, கூடுதல் எச்சரிக்கையோடு கணிக்கும். இரண்டு பேரும் எப்போதோ அந்தப் பிழையைச் சந்தித்து, இரண்டு வேறு விதமாகத் தீர்த்து, அந்த வரியைச் சேர்வரில் தங்களுக்கென்று உள்ள வீட்டுப் போல்டரில் (ஹோம்) இருக்கும் மறைவான ஆர்புரொஃபைலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரிடம் ரிமூவ், மற்றவரிடம் அட்ஜஸ்ட். ஸ்கிரிப்டைப் படிப்பவருக்கு இது தெரியவே வராது.

எது சரி என்பது புள்ளிவிபரக் கேள்வி, அதை அவர்கள் பேசித் தீர்மானித்தார்கள். அட்ஜஸ்ட் என்று முடிவாகி, அந்த வரி ஸ்கிரிப்டின் தலையில் ஏறியது. ஸ்டாட்டாவிலும் இதே கேள்வி எஸ்விவைசெட் என்ற கட்டளையில் இருக்கிறது. அங்கே ‘சென்ட்டர்ட்’ இதற்கு ஈடானது. ஆனால் சேர்வர் பார்ப்பவனாக எனக்கு ஒரு வேலை இருந்தது. கணக்கை மாற்றக்கூடிய எந்த வரியும் வீட்டுப் போல்டரில் இருக்கக்கூடாது என்று எல்லோரிடமும் நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன். நிறம், எடிட்டர், வரி அகலம் என்று எதையும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவைத் தொடுவதை வைக்காதீர்கள்.

கேட்டுக்கொண்டால் மட்டும் போதாது என்பதால், ஆர் திட்டங்களை ரென்வி என்ற பக்கேஜுக்கு மாற்றத் தொடங்கினோம். அது திட்டப் போல்டருக்குள் தனி நூலகம் வைத்து, எந்தப் பக்கேஜ் எந்தப் பதிப்பு என்று ஒரு பூட்டுக் கோப்பில் எழுதும். அதோடு திட்டத்துக்கென்று ஒரு ஆர்புரொஃபைலும் உருவாக்கும். ஆர் தொடங்கும்போது நிற்கும் போல்டரில் ஆர்புரொஃபைல் இருந்தால், வீட்டில் உள்ளதை அது வாசிப்பதில்லை. எங்கள் மார்ச் மாதப் பிரச்சினை அந்த ஒரு காரணத்தாலேயே திரும்ப வராது. இடம் வீணாகாமல் இருக்க ரென்வியின் சேமிப்புக் கிடங்கை எல்லோருக்கும் பொதுவான ஒரு போல்டருக்கு மாற்றினேன். அதில் குழுவுக்கு எழுதும் அனுமதி உண்டு. ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி அறையில் போய் உட்காருவதால் ஒருவர் போட்டது மற்றவருடையதை மிதிக்காது.

சின்னதாக இன்னொன்று. இரவில் தானாக ஓடவிட்ட வேலைகளில் தமிழ், சிங்கள மாவட்டப் பெயர்கள் எழுத்தாக வராமல், கோண அடைப்புக்குள் யூனிகோட் இலக்கங்களாக வந்தன. தானாக ஓடும் வேலைக்கு மொழிச்சூழல் அமைவு போய்ச் சேரவில்லை. பொது ஆர்என்வைரனில் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தை எழுதியதும் ‘நுவரெலியா’ நுவரெலியாவாக வந்தது.

ஸ்டாட்டாவுக்கு ரென்வி இல்லை. ஆனால் இரண்டே வரியில் கிட்டத்தட்ட அதே பலனைப் பெறலாம். டூ கோப்பின் தலையில் ‘அடோபாத்’ என்று எழுதி, கழித்தல் குறி போட்டு ‘சைட்’ என்றால், அந்த அமர்வுக்குப் பொதுப் போல்டர் விலகி நிற்கும். அடுத்த வரியில் பிளஸை ‘சிஸ்டிர் செட்’ மூலம் திட்டத்துக்குள் இருக்கும் அடோ போல்டருக்குத் திருப்பிவிட வேண்டும். அதன்பின் இறக்குவதும் அங்கே போகும், ஓடுவதும் அங்கிருந்து ஓடும். திட்டத்தைச் சுருட்டி இன்னொருவருக்குக் கொடுத்தால் பக்கேஜ்களும் கூடவே போகும்.

சைட்டிலிருந்து எடுத்த 5.7.3ஐ நான் அழிக்கவில்லை. 2021இல் நாங்கள் வெளியிட்ட ஓர் அறிக்கையின் அட்டவணைகள் அதில்தான் ஓடியவை. அந்தத் திட்டப் போல்டருக்குள் அடோ என்று ஒன்றை உருவாக்கி, பழைய ரெக்எச்டிஎஃப்இயையும் அதன் காலத்து எஃப்டூல்ஸையும் சேர்த்து வைத்தேன். இந்த இடத்தில் மட்டும் கையால் கொப்பி பண்ணினேன், ஏனென்றால் காப்பகத்தில் இப்போது கிடைப்பது புதியது. தலையில் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துத் தங்கச்சியிடம் ஓட்டச் சொன்னேன். முழுவதையும் ஓட்டுவதற்கு முன் அவர் அந்த இரண்டு வரிகளை மட்டும் ஓட்டிவிட்டு, தானாகவே ‘விச்’ அடித்து, கமா போட்டு ‘ஓல்’ சேர்த்தார். ஒரே ஒரு வரி வந்தது, திட்டப் போல்டரிலிருந்து. பிறகு ஓட்டினார். அச்சிட்ட அறிக்கையைப் பக்கத்தில் விரித்து, மூன்றாவது அட்டவணையை ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்டுதான் அண்ணா. கடைசித் தசமம் வரைக்கும்."